எர்த் இல்லாத பெட்டி

முதல் தடவை அது என்னைக் கடித்தபோது வெளியே நல்ல வெயில். ஓக்லாந்தில், ஒனிஹங்காவில் நான் கிளாஸ் கழுவும் பப்பில், பாட்டுக்காரரின் கிட்டாரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, வழியை மறித்து நின்ற மைக் ஸ்டாண்டை மற்றக் கையால் நகர்த்தினேன். ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு, நெஞ்சுக்குக் குறுக்காக, எறும்பு வரிசை ஒன்று ஓடியது. ஸ்டாண்டை விட்டுவிட்டேன்.

"கறண்ட்," என்றேன்.

"ஒண்டுமில்லை மேட்," என்றார் பாட்டுக்காரர். "அவளுக்குக் கொஞ்சம் கிச்சுக் காட்டுற பழக்கம்."

அவள் என்று அவர் சொன்னது அவருடைய ஆம்பை. கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் அந்தப் பழைய வால்வுப் பெட்டியை லண்டனில் வாங்கி, கப்பலில் ஏற்றி இந்த நாட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஒரு மூலையில் தோல் உரிந்து பலகை தெரியும். சூடேறினால் தூசி கருகும் மணம் வரும். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். யுத்தம் நிற்பாட்டியது என்று சொன்னால் ஆட்கள் பரிதாபப்படுவார்கள். உண்மையில் எனக்குப் படிப்பும் ஓடவில்லை. பிறகு கொழும்பு, பிறகு மலேசியா, அங்கிருந்து அகதியாக இங்கே. ஓக்லாந்துக்கு வந்தும் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வெஸ்ட்கேட்டில் வீடு கட்டும் இடத்தில் கல் சுமந்தேன், கிளென்ஃபீல்ட் மாலில் தரை துடைத்தேன். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்ச நாள் போனதும் கால் அரிக்கும். இந்தப் பப்பில் மட்டும் கூடுதலாக நின்றுவிட்டேன். காரணம் ஞாயிற்றுக்கிழமைகள். மத்தியானம் தாண்டியதும் நான்கு கிழவர்கள் வந்து, மேசைகளைத் தள்ளிவிட்டு, தரையிலேயே நின்று வாசிப்பார்கள். அந்தச் சங்கீதம் எனக்கு விளங்கியது என்று சொல்லமாட்டேன். அது என்னிடம் எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டுக்காரர் அந்த நால்வரில் ஒருவர். எழுபது தாண்டியவர், மெலிந்தவர், கொக்குக் கால். சாமான் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் கதைப்பார். எல்லாரையும் மேட் என்றுதான் கூப்பிடுவார். அவர் பேசியது ஆங்கிலம். என் கையில் அது என் ஊர்த் தமிழாகத்தான் வருகிறது.

அவருடைய இளவயதில் ரொக் சங்கீதம் பெருத்துப் போயிருந்ததாம். பெரிய குழுக்கள் விளையாட்டு மைதானங்களில் வாசித்தன. ஒரு பாட்டு அரை மணித்தியாலம் போகும். புகை, விளக்கு, லொறி லொறியாகப் பெட்டிகள். பின்னால் நிற்பவனுக்குப் பாடுகிறவன் தீக்குச்சி அளவில் தெரிவான். அது பிடிக்காத சிலர் லண்டன் பப்புகளின் பின்னறைகளுக்குப் போனார்கள். மேடை கிடையாது. பழைய அமெரிக்கப் பாட்டுகளின் பாணியில், சின்னச் சின்னதாக, வேகமாக, ஒன்று முடியுமுன் அடுத்ததைத் தொடங்கி வாசித்தார்கள். முன்னால் நிற்பவனின் பியர் பாடுகிறவனின் சட்டையில் சிந்தும். அதைத்தான் பப் ரொக் என்றார்கள். பெயர் வைத்தது பத்திரிகைக்காரர்களாம். வாசித்தவர்கள் அதை வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொன்னார்களாம்.

"பிறகு?" என்று ஒருநாள் கேட்டேன். சாமான் ஏற்றும் வானின் பின்கதவைத் திறந்து வைத்திருந்தோம்.

"பிறகு பெடியள் வந்தாங்கள். முன்னுக்கு நிண்டு எங்கடை விரலையே பாத்துக்கொண்டு நிப்பாங்கள். கிட்டாரிலை மூண்டு கோர்ட் பிடிக்கத் தெரிஞ்சாக் காணும், மலிவான கிட்டார் காணும், ஒரு பின்னறை காணும் எண்டு அவங்களுக்கு விளங்கிச்சுது. தலைமயிரை வெட்டிப்போட்டு, கிழிஞ்ச சட்டையோடை, அதே அறையிலை நிண்டு எங்களைவிட ரெண்டு மடங்கு வேகமா அடிச்சாங்கள். அதுதான் பங்க். அடுத்த வருசமே நாங்கள் கிழவர். எனக்கு அப்ப இருபத்தாறு வயசு."

"அவங்களிலை கோவமோ?"

"அவங்களிலை இல்லை. புத்தகம் எழுதுறவங்களிலை. புத்தகத்திலை நாங்கள் பங்க் எண்ட வீட்டுக்குப் போற நடை. எல்லாரும் எங்களை மிதிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போவினம். நடையிலை ஆரும் குடியிருக்கிறதோ?"

"நான் இருந்திருக்கிறன்," என்றேன். மலேசியாவில் ஒரு மாடிக் கட்டடத்தின் நடையில், செருப்பு அடுக்கும் தட்டுக்குக் கீழே தலையை வைத்துப் பல மாதம் படுத்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். அதன்பிறகு ஆம்பைத் தூக்குவதோடு நில்லாமல், அதற்கு வயர் மாட்டவும் என்னை விட்டார். மற்ற மூவரும் அதைத் தொடுவது அவருக்குப் பிடிக்காது.

தொட்டதால்தான் பார்த்தேன். பிளக்கின் மூடி தளர்ந்திருந்தது. திருகி இறுக்கப் போனபோது உள்ளே, கசியும் கறண்டை நிலத்துக்கு இறக்கும் எர்த் வயரின் நுனி, எதிலும் மாட்டாமல், டேப் சுற்றி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கழன்றுபோனது அல்ல. வெட்டியது.

"நான்தான் வெட்டினன்," என்றார் பாட்டுக்காரர், ஏதோ பிள்ளைக்குக் காது குத்தியதைச் சொல்வதுபோல. "அந்தப் பப்புகளிலை வயரிங் எல்லாம் பழசு. எர்த் இருந்தா இரைச்சல். பாட்டைவிட இரைச்சல் பெரிசாக் கேக்கும். வெட்டினா அமைதி. எல்லாரும் வெட்டினவங்கள்தான். நான் ஒரு பப் குசினியிலை, பாண் வெட்டுற கத்தியாலை வெட்டினன்."

அவருடைய மைக்கில் ஏன் எப்போதும் ஒரு பஞ்சு உறை இருக்கிறது என்பதும், வெயில் காலத்திலும் ஏன் தடித்த ரப்பர் அடிச் சப்பாத்து என்பதும் அன்றைக்குத்தான் விளங்கியது. எச்சிலுக்காகவும் முழங்கால் வலிக்காகவும் என்று நினைத்திருந்தேன். அந்தக் காலத்துப் பப் பாட்டுக்காரர்கள் அப்படித்தான் தங்களைக் காத்துக்கொண்டார்களாம். உதட்டுக்குப் பஞ்சு, காலுக்கு ரப்பர். கிட்டாரின் கம்பிகளில் கை இருக்கும்போது வேறு இரும்பைத் தொடாமல் இருந்தால் போதும். தொட்டால் எறும்பு.

எனக்குத் தெரிந்த கறண்ட் எறும்பு அல்ல. மலேசியாவில், கிள்ளானில் நான் கார் கழுவும் இடத்தில் வேலை செய்தேன். என்னோடு வேலை செய்தவன் ஈரத் தரையில் நின்று, தண்ணீர் பீச்சும் மெஷினின் பிடியைப் பிடித்தான். கத்தவில்லை. பிடித்தபடி நின்றான். வேலை செய்யப் பஞ்சியில், சோம்பேறித்தனமாக நிற்கிறான் என்று நினைத்து நான் பகிடி விட்டேன். பதில் வரவில்லை. பிறகுதான் நரம்பு புடைத்து இறுகியிருந்த அவனுடைய கழுத்தைப் பார்த்தேன். எங்களிடம் விசா இல்லாதபடியால் முதலாளி ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை; லொறியில் ஏற்றினார். அவன் உயிரோடு திரும்பவில்லை. அடுத்த நாள் அதே மெஷினில் நான் வேலை செய்தேன். அதிலிருந்து எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவேன். புறங்கையால் தொட்டால் கறண்ட் கையைத் தள்ளிவிடும். உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் தாங்களாக மூடிக்கொள்ளும்.

ஒவ்வொரு ஞாயிறும் ஆம்பைப் போட்டதும் புறங்கையால் பார்த்தேன். கோடையில் எறும்பாக இருந்தது இலையுதிர்காலத்தில் குளவியாகிவிட்டது. பெட்டிக்குள் ஏதோ பழுதாகிக்கொண்டு வந்தது. சொன்னேன். பாட்டுக்காரர், "நானும்தான் பழுதாகிறன்," என்றார்.

இதையெல்லாம் நான் தாங்கியிருப்பேன், அவருடைய கடைசிப் பாட்டு மட்டும் இல்லாவிட்டால். பப்புகளின் பின்னறையில் பழகிய வித்தை அது. கிட்டாரில் நீளமான வயரை மாட்டிக்கொண்டு, வாசித்தபடியே ஆட்களை விலக்கி நடந்து, வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போவார். கூட்டமும் பின்னால் போகும். பப்பின் முன் தாழ்வாரத்தைத் தாங்குகிற இரும்புத் தூண் ஒன்று நடைபாதை ஓரத்தில் நிற்கிறது. அதை இடக்கையால் அணைத்துக்கொண்டு, வலக்கையால் கம்பிகளை வாரி வாரி அடித்து, பாட்டை அங்கேதான் முடிப்பார். உள்ளே மற்ற மூவரும் அவரைப் பார்க்காமலே வாசித்துக்கொண்டிருப்பார்கள். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். லண்டனில் அப்படித்தான் தெருவில் போகிறவர்களை உள்ளே இழுத்தார்களாம்.

அந்தத் தூணில் பல வருடத்துப் பெயின்ட் தடிப்பாக இருந்தது. அது அவருக்குப் பஞ்சு உறை மாதிரி. அதனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்து நின்றேன்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனபோது தூண் வெறும் இரும்பாக நின்றது. மேலாளர் புதுப் பெயின்ட் அடிப்பதற்காகப் பழையதை அடியோடு சுரண்டியிருந்தார். சுரண்டி முடித்ததும் மழை பிடித்துவிட்டது. பெயின்ட் அடிக்கிறவர்கள் வரவில்லை. தண்ணீர் தூணில் வழிந்து அடியில் தேங்கி நின்றது. ஈரமான இரும்பு, நிலத்துக்குள் இறங்கியிருக்கும் இரும்பு. கிள்ளானில் கண்டதைவிட நல்ல எர்த்.

குசினியிலிருந்து பிளாஸ்டிக் தாளை எடுத்துவந்து தூணைச் சுற்றினேன். மேலாளர் வந்து பார்த்தார். "இது என்ன, சாண்ட்விச்சா?" என்று கேட்டுக் கிழித்துப் போட்டார். அவரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த ஆம்ப் அதன்பிறகு வாசலுக்குள் வராது, ஞாயிறும் இருக்காது. எனக்கு அது பெரிய இழப்பில்லை, இன்னொரு பப் கிடைக்கும். ஆனால் பாட்டுக்காரருக்கு மற்ற ஆறு நாளும் எப்படிப் போகின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை செவ்வாய்க்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். உடுப்பு மாற்றாமல், ரேடியோகூடப் போடாமல், ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவரையே தொலைபேசியில் கூப்பிட்டேன். "இந்த ஞாயிறு தூணைத் தொடாதேங்கோ."

"ஏன், அதுக்குக் கலியாணமோ?"

"பெயின்ட் இல்லை. மழை. செத்துப் போவீங்கள்."

"மேட், ஐம்பது வருசமா அவள் என்னைக் கொல்லேல்லை. இந்த ஞாயிறு மட்டும் ஏன் கொல்லப்போறாள்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பப் குசினியில் சமைக்கிறவர் மதுரைப் பக்கத்துப் பெண். கிளென்ஃபீல்டிலிருந்து வருவார். உருளைக்கிழங்கு பொரிக்கும் சட்டிக்கு முன்னால் நின்றபடி அவர்தான் முதலில் கேட்டார்.

"என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"பேய் எண்டாப் பரவாயில்லைத் தங்கச்சி. கறண்ட்."

முழுவதையும் சொன்னேன். சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டார். அவருடைய கணவர் வெஸ்ட்கேட்டில் புது வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர்.

"அவர்கிட்ட ஒரு பெட்டி இருக்குண்ணே. மழையில வேலை பாக்கறப்ப பிளக்குக்கு நடுவுல மாட்டுவாங்க. கரண்ட் ஆள் வழியா இறங்கப் பாத்தா அந்தப் பெட்டி உடனே கட் பண்ணிடும். நம்ம வீட்டு பல்ப மாத்தச் சொன்னா மூணு மாசம் பண்ணுவாரு. ஊரார் வேலைன்னா ஓடுவாரு. கேட்டு வாங்கிட்டு வரேன்."

"உடனை எண்டால் எவ்வளவு உடனை?"

"ஆள் சாகறதுக்கு முன்னாடின்னு சொல்லிருக்காரு. நான் சோதிச்சுப் பாத்ததில்ல."

ஞாயிறு விடியும்போதே மழை. தங்கச்சி சொன்னபடி பெட்டியைக் கொண்டுவந்தார். கைக்கடக்கமான மஞ்சள் பெட்டி, முகத்தில் ஒரு பொத்தான். அதனோடு கணவர் சொல்லிவிட்டதும் வந்தது: இதை நம்பிக்கொண்டு அந்த ஆம்பை ஓட்டக்கூடாது, ரிப்பேருக்குக் கொண்டுபோ. ஓம் என்றேன். பாட்டுக்காரர் கழிவறைக்குப் போயிருந்த நேரம் அதைச் சுவருக்கும் ஆம்பின் பிளக்குக்கும் நடுவில் மாட்டி, மேலே அவருடைய கோட்டைப் போட்டு மறைத்தேன். ஆம்பின் விளக்கு எரிந்தது. மஞ்சள் பெட்டி ஒன்றும் செய்யவில்லை. அது வேலை செய்கிறதா, செத்த பெட்டியா என்று எனக்கு எப்படித் தெரியும்? பொத்தானை அமத்திப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அமத்த முன் அவர் வந்துவிட்டார்.

அவர்கள் வாசித்த முழு நேரமும் நான் கிளாஸ் கழுவினேன். கை சுடுதண்ணீருக்குள் இருந்தும் குளிர்ந்தது. ஒவ்வொரு பாட்டும் முடியுமுன் அடுத்தது தொடங்கியது. முன்பு எனக்குப் பிடித்த அந்தப் பழக்கம் அன்று கடைசிப் பாட்டை ஓட்டி ஓட்டிக் கிட்டக் கொண்டுவந்தது. பாட்டுக்காரரின் சட்டை வியர்வையில் ஒட்டிவிட்டது. பஞ்சு உறையும் நனைந்திருக்கும். ஒரு தடவை உதட்டைச் சட்டென்று எடுத்து, கண்ணை மூடி, திரும்பப் பாடினார். ஆட்கள் அதை உணர்ச்சி என்று நினைத்துக் கூவினார்கள்.

பிறகு அவர் குனிந்து நீள வயரை மாட்டினார்.

நான் தொட்டியை விட்டு வெளியே வந்தேன். என் முன்னால் கூட்டம். அவர் வாசலுக்கு நடந்தார், எல்லோரும் அவர் பின்னால் திரண்டார்கள். "விடுங்கோ, விடுங்கோ," என்று தமிழில் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் விடவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி. அதற்குள்ளால் அவருடைய கொக்குக் கால் தெரிந்தது, கழுத்தில் தொங்கிய கிட்டார் தெரிந்தது, தூணை நோக்கிப் போகும் இடக்கை தெரிந்தது. விரித்த உள்ளங்கை.

கிட்டார் நின்றது.

உள்ளே டிரம் நிற்கவில்லை. டிரம் அடிக்கிறவருக்கு வாசல் தெரியாது. கிட்டார் இல்லாமல் டிரம்மும் பேஸும் கீபோர்டும் மட்டும், எதற்கோ காத்துக்கொண்டிருப்பது போல ஒலித்துக்கொண்டே இருந்தன. வெளியே ஆட்கள் அந்தத் தாளத்துக்குக் கை தட்டத் தொடங்கினார்கள். இதுவும் வித்தையின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

எனக்கு எது நடந்ததென்று தெரியவில்லை. மஞ்சள் பெட்டி கறண்டை வெட்டினாலும் கிட்டார் நிற்கும். கம்பியில் இருக்கும் கை இறுகிப்போனாலும் கிட்டார் நிற்கும். இரண்டும் ஒரே அமைதி. கிள்ளானில் நான் பகிடி விட்டபோது இருந்ததும் இதே அமைதிதான். ஆட்களை முழங்கையால் இடித்துக்கொண்டு போனேன். ஒருவருடைய பியர் என் கழுத்துக்குள் ஊற்றியது. வாசலுக்கு வந்தபோது அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. தூணுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார்.

"ஐயா," என்றேன். அவரை நான் அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆங்கிலம் வரவில்லை.

அவர் திரும்பினார். முகம் சுண்ணாம்பு. இடக்கையைத் தூக்கி, உள்ளங்கையை, அது வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆர் என்னை நிப்பாட்டினது?" என்று கேட்டார்.

கை தட்டல் நின்றுவிட்டது. உள்ளே டிரம்மும் ஒருபடியாக நின்றது.

கூட்டம் கலைந்த பிறகு அவர் தன் கோட்டை எடுக்கப் போனார். கோட்டுக்கடியில் பெட்டியைக் கண்டார். கறண்டை வெட்டியதற்கு அடையாளமாகப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"நீயோ?"

"ஓம்."

ஆம்பின் மேலேயே உட்கார்ந்தார். "ஒரு பப்பிலை," என்றார், "அந்த நாளிலை, வேறை ஒரு குழுவிலை பாடுற பெடியன், மைக்கைப் பிடிச்சபடி..." குசினியிலிருந்து தங்கச்சி ஒரு தட்டில் பொரித்த கிழங்கும் தேத்தண்ணியும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தார். அவரால் கோப்பையை இடக்கையால் தூக்க முடியவில்லை. வலக்கையால் குடித்தார்.

"அண்டைக்கும் சனம் கை தட்டினது," என்றார் பிறகு.

அடுத்த வாரம் தங்கச்சியின் கணவர் சொன்ன ஆளிடம் ஆம்பைக் கொண்டுபோனோம். பழுதான பாகத்தை மாற்றி, வெட்டிய வயருக்குப் பதில் புது வயர் போட்டு, எர்த்தைப் பூட்டிக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஆம்ப் இரைகிறது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வண்டு குடைவது மாதிரி ஒரு சத்தம். பாட்டுக்காரர் அதைப் பொறுக்க மாட்டார் என்று நினைத்தேன். இடைவெளியே விடாமல், முன்னையிலும் வேகமாக வாசிக்கிறார். இரைச்சலுக்கு இடம் கொடுக்காமல் அடிக்கிறாராம். "இப்ப நானும் பங்க்," என்கிறார்.

தூணுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கடைசிப் பாட்டுக்கு அவர் இன்னும் வெளியே போகிறார். தூணுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார். கையை நீட்டி, தொடாமல் மடக்குகிறார். ஆட்களுக்கு அது பிடித்திருக்கிறது.

நான் இன்னும் இங்கேதான் நிற்கிறேன். இந்த மழைக்காலம் முடியப் போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஞாயிறு மத்தியானம் அவர் ஆம்பைப் போட்டதும் யாராவது அந்தப் பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ரிப்பேர் செய்த பிறகு அது கடிக்கவில்லை. கடிக்காதபோதும் என் கை தயங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறேன், இரைச்சல் கேட்கிறது, பிறகு தலையை ஆட்டுகிறேன். அதைப் பார்த்துத்தான் அவர் கிட்டாரை எடுக்கிறார்.